சாவி டிக்கிக்குள்ளே, கார் பூட்டிக்கொண்டது

தென்காசியிலிருந்து வாசகர் ஒருவர் கேட்கிறார்: "எட்டு ஆண்டுகளாக நான் ஓட்டிவரும் ஹேட்ச்பேக் காரில் குடும்பத்துடன் திருநெல்வேலி சென்றிருந்தேன். நெல்லையப்பர் கோவிலுக்கு அருகில் காரை நிறுத்திவிட்டுச் சற்று நேரம் கழித்து வந்து, ரிமோட்டால் பூட்டைத் திறந்து டிக்கியில் பைகளை வைத்தபோது சாவியையும் கைமறதியாக அங்கேயே வைத்து மூடிவிட்டேன். கொஞ்ச நேரத்தில் எல்லாக் கதவுகளும் தாமாகவே பூட்டிக்கொண்டன. மாற்றுச் சாவி தென்காசி வீட்டில் இருந்தது. வெயிலில் காத்திருக்க மனமில்லாமல் ஒருவரை அழைத்துவந்தோம். அவர் இரும்பு ஸ்கேலைக் கண்ணாடியின் ஓரமாக உள்ளே விட்டு முக்கால் மணி நேரம் போராடித் திறந்தார். இப்போது கண்ணாடியோர ரப்பர் பட்டையான பீடிங் கிழிந்திருக்கிறது. கண்ணாடி ஏறும்போது கரகரவென்று சத்தம் வருகிறது. கார் ஏன் தானாகப் பூட்டியது? கண்ணாடியை உடைத்திருந்தால் செலவு குறைந்திருக்குமா? சிப் இல்லாத டூப்ளிகேட் சாவி செய்துவைத்தால் பயன் உண்டா?"

முதல் கேள்விக்கான விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ரிமோட்டில் திறக்கும் பொத்தானை அழுத்திய பிறகு ஏறத்தாழ அரை நிமிடத்துக்குள் எந்தக் கதவும் திறக்கப்படாவிட்டால், சட்டைப்பையில் கிடக்கும் சாவி தவறுதலாக அழுந்தியிருக்கலாம் என்று கருதி, கார் தானாகவே மறுபடியும் பூட்டிக்கொள்ளும்படி பெரும்பாலான நிறுவனங்கள் அமைத்திருக்கின்றன. திருட்டைத் தடுக்கச் செய்த ஏற்பாடு இது. சில மாடல்களில் டிக்கியைத் திறப்பது கதவைத் திறப்பதாகக் கணக்கில் வருவதில்லை. நீங்கள் நான்கு கதவுகளில் எதையும் தொடாமல் நேராகப் பின்பக்கம் சென்றதால், யாருமே காரைத் திறக்கவில்லை என்று அது முடிவு செய்துவிட்டது. டிக்கி தனியாக நீண்டிருக்கும் செடான் கார்கள் பலவற்றில் டிக்கிக்கென்று ரிமோட்டில் தனிப் பொத்தான் இருக்கும்; அதை அழுத்தினால் டிக்கி மட்டுமே திறக்கும், கதவுகள் பூட்டியபடியே இருக்கும், மூடிய கணத்தில் சாவி உள்ளே சிறைப்பட்டுவிடும். சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு ஸ்டார்ட் பொத்தானை அழுத்தும் வகைக் கார்கள், சாவி உள்ளே இருப்பதை உணர்ந்து பூட்ட மறுக்கும். ஆனால் ரிமோட்டின் பேட்டரி தளர்ந்திருந்தாலோ, சாவி உலோகப் பெட்டிக்குள் இருந்தாலோ அந்த உணர்வும் சில நேரங்களில் ஏமாந்துவிடும் என்பதால், அதை முழுவதுமாக நம்பக் கூடாது.

இனி அந்த முக்கால் மணி நேரத்துக்கு வருகிறேன். வாகன மின்பணிப் பட்டறை நடத்துபவன் என்ற முறையில், ஸ்கேல் நுழைந்த கதவுகள் பலவற்றை நான் பிரித்துப் பார்த்திருக்கிறேன். ஒரு கதவில் பூட்டு மோட்டாருக்குச் செல்லும் வயர் பாதி அறுந்திருந்தது. ஸ்கேலின் முனை கண்ணாடியின் உட்புறத்தில் பிறை வடிவத்தில் கீறியிருந்தது. பூட்டின் நெம்பியோ தீண்டப்படாமல் பத்திரமாக இருந்தது. முன்பெல்லாம் கதவுக்குள் பூட்டையும் கைப்பிடியையும் இணைக்கும் கம்பிகள் வெளிப்படையாக இருக்கும். ஸ்கேலை விட்டு அவற்றில் ஒன்றை அசைத்தால் போதும், குமிழ் மேலே எழும்பிவிடும். இப்போது அந்தக் கம்பிகளின் இடத்தில் உறையிட்ட கேபிள்கள் வந்துவிட்டன, பூட்டைச் சுற்றிக் கவசத் தகடும் வந்துவிட்டது. அதே இடுக்கில்தான் பவர் விண்டோவின் கேபிளும், ஸ்பீக்கர் வயரும், சில கார்களில் பக்கவாட்டு ஏர் பேக்குக்கான உணரியும் இருக்கின்றன. பழைய வித்தையைப் புதிய கதவில் காட்டியதன் விளைவுதான் உங்கள் கண்ணாடியின் கரகரப்பு.

வேலை தெரிந்தவர்கள் கதவின் உள்ளுறுப்புகளைத் தொடவே மாட்டார்கள். கதவுச் சட்டத்தின் மேல் மூலையில் பெயின்ட் உரியாதபடி துணியோ டேப்போ வைத்து, பிளாஸ்டிக் ஆப்பு ஒன்றை மெதுவாகச் செருகி, அந்த இடைவெளியில் தட்டையான ரப்பர் பையை நுழைத்துக் கைப்பம்பால் காற்றடிப்பார்கள். விரல் நுழையும் அளவுக்குச் சட்டம் விலகியதும், உறையிட்ட நீண்ட கம்பியை உள்ளே விட்டு, உட்புறக் கைப்பிடியை இழுப்பார்கள் அல்லது பூட்டுப் பொத்தானை அழுத்துவார்கள். பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. ரிமோட்டால் பூட்டிய காரை இப்படித் திறக்கும்போது அலாரம் அலறலாம். பதற வேண்டாம், உள்ளிருக்கும் சாவியை எடுத்து ரிமோட்டை அழுத்தினாலோ இஞ்சினை இயக்கினாலோ அடங்கிவிடும். வருபவரிடம் ஆப்பும் காற்றுப் பையும் இருக்கின்றனவா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். ஸ்கேல் போதும் என்று சொல்பவரை மரியாதையாகத் தவிர்த்துவிடலாம். ஆர்.சி.யைக் காட்டச் சொன்னால் கோபப்படாதீர்கள். கேட்காமல் திறப்பவரைவிடக் கேட்டுத் திறப்பவரே நம்பத் தகுந்தவர். ஆர்.சி. புத்தகம் காருக்குள் இருந்தால் டிஜிலாக்கரில் உள்ள பிரதியைக் காட்டலாம்.

அவரையும் அழைப்பதற்கு முன்னால் செய்ய வேண்டியவை சில உண்டு. ஐந்து கதவுகளையும், டிக்கியையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள். சென்ட்ரல் லாக் மோட்டார் பழுதான ஒரு கதவு பூட்டாமலேயே நிற்பது பழைய கார்களில் சாதாரணம். ஹூண்டாயின் புளூலிங்க், கியா கனெக்ட் போன்ற செயலி வசதி உள்ள காராக இருந்து, அதன் சந்தாவும் நடப்பில் இருந்தால், கைபேசியிலிருந்தே கதவைத் திறக்கலாம். இல்லையென்றால், கார் நிறுவனமோ காப்பீட்டு நிறுவனமோ தரும் சாலையோர உதவிச் சேவையில் நீங்கள் சேர்ந்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அந்த உதவி எண் அச்சிட்ட அட்டை பெரும்பாலும் காரின் டேஷ்போர்டுக்குள்ளேயே கிடக்கும் என்பதுதான் வேடிக்கை. இன்றே அதைக் கைபேசியிலும், வீட்டில் இன்னொருவர் கைபேசியிலும் பதிந்துவையுங்கள். எதுவும் இல்லாத நிலையில், உங்களுக்கு இருந்த மிக மலிவான வழி தென்காசியிலிருந்து யாரையாவது மாற்றுச் சாவியுடன் பேருந்தில் வரச் சொல்வதுதான். ஒன்றரை, இரண்டு மணி நேரக் காத்திருப்பு எரிச்சலானதே. ஆனாலும் நிழலில் அமர்ந்து ஒரு காபி குடித்திருந்தால் இந்தக் கடிதத்துக்கே அவசியம் இருந்திருக்காது. ரிமோட்டைக் கைபேசி வழியாக அழுத்திக் கேட்கச் செய்தால் கதவு திறக்கும் என்று பரவும் காணொளிகளை நம்பாதீர்கள். ரிமோட் அனுப்புவது ரேடியோ அலை, ஒலி அல்ல. டென்னிஸ் பந்தில் துளையிட்டுப் பூட்டின் மேல் அழுத்துவதும் அதே ரகம்.

கண்ணாடியை உடைப்பது ஒரே ஒரு சூழலில் சரியான முடிவு. அந்தச் சூழலில் அதைத் தவிர வேறு முடிவு இல்லை. குழந்தையோ, முதியவரோ, வளர்ப்புப் பிராணியோ உள்ளே மாட்டிக்கொண்டிருந்தால் மெக்கானிக்கைத் தேடி அலையாதீர்கள். வெயிலில் மூடி நிற்கும் காரின் உள்வெப்பம் பத்து நிமிடத்தில் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் கூடிவிடும்; கண்ணாடி ஓர் அங்குலம் இறங்கியிருப்பதால் பெரிய மாற்றம் எதுவும் வராது. குழந்தையின் உடல் பெரியவர்களின் உடலைவிடப் பல மடங்கு வேகமாகச் சூடேறும். ஒருவர் 112-ஐ அழைக்கட்டும்; இன்னொருவர் குழந்தையிடமிருந்து மிகத் தள்ளியிருக்கும் பக்கவாட்டுக் கண்ணாடியை, நடுவில் அல்லாமல் கீழ் மூலையில், வீல் ஸ்பானர் போன்ற கூர்முனையுள்ள கனமான இரும்பால், முகத்தைத் திருப்பிக்கொண்டு அடிக்கட்டும். பெரும்பாலான கார்களின் பக்கவாட்டுக் கண்ணாடி பதப்படுத்தப்பட்டது என்பதால் கல்கண்டு போலச் சிறு துண்டுகளாக உதிரும். முன்கண்ணாடியில் அடித்து நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருப்பதால் அது விரிசல் விடுமே தவிர வழி விடாது.

உங்கள் விஷயத்தில் உயிராபத்து எதுவும் இல்லை, ஆகவே உடைக்காததே நல்லது. பின்கதவின் சிறு முக்கோணக் கண்ணாடி மலிவு என்று நினைத்து அதை உடைப்பவர்கள் உண்டு. பல கார்களில் அதை மாற்றுவதற்குக் கதவைப் பாதி பிரிக்க வேண்டியிருக்கும் என்பதால் கூலி கூடிவிடுகிறது. காப்பீடு தரும் என்றாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் எடுத்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்காது. முழுக் காப்பீட்டிலும் 1500 சி.சி. வரையுள்ள காருக்கு 1,000 ரூபாய், அதற்கு மேற்பட்டதற்கு 2,000 ரூபாய் கட்டாயப் பிடித்தம் உண்டு. அதோடு, ஐந்து ஆண்டுகள் கோரிக்கை இல்லாமல் ஓட்டி 50 சதவீதம் வரை சேர்த்துவைத்த போனஸ் தள்ளுபடியும் ஒரு கண்ணாடிக்காகப் போய்விடலாம்.

சிப் இல்லாத சாவி பற்றிய உங்கள் கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. ரிமோட் சாவியின் தலைப்பகுதிக்குள் அரிசி மணியைவிடச் சற்றுப் பெரிய சிப் ஒன்று இருக்கும். இக்னிஷன் பூட்டைச் சுற்றியுள்ள வளையம் அதன் அடையாளக் குறியைப் படித்தால்தான் இஞ்சின் ஓடும். இதைத்தான் இம்மொபிலைசர் என்கிறார்கள். சிப்புடன் கூடிய சாவியைச் சர்வீஸ் சென்டரில் செய்து, காரோடு இணைத்துப் பதிய சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஆனால் கதவுப் பூட்டுக்குச் சிப் தேவையே இல்லை. பற்களின் வெட்டு பொருந்தினால் போதும். தெருமுனைச் சாவிக்காரர் சில நூறு ரூபாய்க்கு வெட்டித் தரும் வெறும் சாவியால் காரை ஓட்ட முடியாது, கதவைத் திறக்க முடியும். உங்களுக்கு அன்று வேண்டியிருந்தது அவ்வளவுதானே. உங்கள் சாவியின் பக்கவாட்டில் பாம்பு நெளிவது போல வெட்டு ஓடுமானால் அதற்கான இயந்திரம் வைத்திருப்பவரிடம் செல்லுங்கள். அரத்தால் ராவித் தருபவர் வேண்டாம். ஸ்டார்ட் பொத்தான் உள்ள காரின் ரிமோட்டுக்குள்ளும் ஓர் இரும்புச் சாவி ஒளிந்திருக்கும், அதையும் இப்படிப் பிரதியெடுக்கலாம். அதற்கான துளை கதவுக் கைப்பிடியின் மூடிக்கடியில் மறைந்திருக்கக்கூடும்.

அந்தச் சாவியை வெட்டிய அன்றே ஓட்டுநர் கதவில் போட்டுத் திருப்பிப் பாருங்கள். ரிமோட் வந்த பிறகு அந்தத் துளையை ஆண்டுக்கணக்கில் யாரும் தொடுவதில்லை. தூசி அடைத்து இறுகிப்போயிருக்கும். எண்ணெய் விட்டால் மேலும் தூசி ஒட்டும். கிராஃபைட் தூளோ பூட்டுக்கான உலர் ஸ்பிரேயோ போட்டு, பத்து முறை திருப்பி இளக்குங்கள். பிறகு சாவியைப் பணப்பையிலோ வீட்டுக்காரம்மாவின் கைப்பையிலோ வையுங்கள். பம்பருக்கு அடியில் காந்தப் பெட்டிக்குள் ஒட்டிவைப்பது வேண்டாம். நாம் தேடுவதற்கு முன் திருடன் அங்கேதான் தேடுவான்.

கடைசியாக உங்கள் கரகரப்பு. பீடிங்கை மட்டும் மாற்றி அனுப்பினால் ஒப்புக்கொள்ளாதீர்கள்; உட்புற அட்டையைக் கழற்றி, கண்ணாடி ஓடும் ரப்பர்த் தடம் விலகியிருக்கிறதா, கேபிள் உரசுகிறதா, வயர்கள் காயப்பட்டிருக்கின்றனவா என்று உங்கள் கண்ணெதிரே பார்க்கச் சொல்லுங்கள். அட்டைக்குப் பின்னால் தார் போன்ற பசையால் ஒட்டிய பிளாஸ்டிக் தாள் ஒன்று இருக்கும். மழை நீர் கண்ணாடி ஓரமாகக் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அதை உட்புறம் வரவிடாமல் கீழேயுள்ள துளைகள் வழியே வெளியேற்றுவது அந்தத் தாள்தான். அவசரத்தில் அதைக் கிழித்துவிட்டு வெறும் அட்டையைப் பூட்டி அனுப்பும் வழக்கம் பல பட்டறைகளில் உண்டு. தென்காசியில் சாரல் தொடங்குவதற்குள் இந்த வேலையை முடித்து, வண்டியை எடுக்கும் முன் அந்தக் கதவின் மேல் ஒரு வாளி தண்ணீர் ஊற்றி, உள்ளே கால்மிதியைத் தொட்டுப் பாருங்கள்.