கேரவன் ரிவர்ஸில் வரும்போது எங்கே நிற்பது, என்ன சொல்வது?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். "போன வருடம் பழைய கேரவன் (பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டி) ஒன்று வாங்கினோம். வீட்டுக்காரர் அதை இழுக்கும் பக்கியை (பிக்கப் வண்டி) ஓட்டுவார், நான் பின்னால் நின்று கைகாட்டுவேன். நான் 'இடது' என்றால் கேரவன் வலது பக்கம் போகிறது. டிராக்கன்ஸ்பர்க் மலைக்குப் போனபோது கேம்ப் இடத்தில் இருந்த தண்ணீர்க் குழாயை இடித்துவிட்டோம். இரண்டு நாள் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. எனக்கு வண்டி ஓட்டத் தெரியாது. நான் எப்படி வழி சொல்வது? 14 வயது மகனும் உதவுகிறேன் என்கிறான், விடலாமா?"

சகோதரி, இந்த வேலைக்கு வண்டி ஓட்டத் தெரிந்திருக்க வேண்டியதே இல்லை. ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்புவது என்று பின்னால் நிற்பவர் சொல்லவே கூடாது. அது ஓட்டுகிறவர் பாடு. கேரவனின் வால் எந்தப் பக்கம் போக வேண்டும் என்று காட்டுங்கள், ஆபத்து தெரிந்தால் நிறுத்துங்கள். உங்கள் வேலை அவ்வளவுதான்.

உங்கள் வீட்டுச் சண்டைக்குக் காரணமும் இதில்தான் இருக்கிறது. ரிவர்ஸ் எடுக்கும்போது ஸ்டியரிங்கை இடது பக்கம் திருப்பினால் பக்கியின் பின்புறம் இடது பக்கம் நகரும்; அது ஹிட்சையும் (கேரவனை மாட்டும் கொக்கி) அதே பக்கம் தள்ளும்; கேரவனின் வால் வலது பக்கம் போகும். நீங்கள் வாலை நினைத்து 'இடது' என்கிறீர்கள், அவர் காதில் அது ஸ்டியரிங்குக்குச் சொன்னதாக விழுகிறது. இருவர் மேலும் தப்பில்லை. போதாததற்கு, நீங்கள் வண்டியைப் பார்த்து நிற்கும்போது உங்கள் இடதும் அவர் இடதும் ஒன்று. நிறுத்தும் இடத்தைப் பார்க்கத் திரும்பினீர்களா, உங்கள் இடது மாறிவிடும்.

ஆகவே இடது, வலது என்ற இரண்டு சொற்களையும் விட்டுவிடுங்கள். 'வால் குழாய்ப் பக்கம்', 'வால் மரத்துப் பக்கம்', 'வால் பிராய் (இறைச்சி சுடும்) மேடைப் பக்கம்' என்று கண்ணுக்குத் தெரிகிற பொருளைச் சொல்லுங்கள். இருவரும் இறங்கி அந்தக் குழாயையும் மரத்தையும் முன்கூட்டியே ஒரு முறை பார்த்திருக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு வழி சொல்கிறேன். ஸ்டியரிங்கின் அடிப்பகுதியில் ஒரு கையை வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அந்தக் கை எந்தப் பக்கம் நகர்கிறதோ, கேரவனின் வாலும் அந்தப் பக்கமே போகும். தலைகீழாக யோசிக்கிற தொல்லை அதோடு போயிற்று.

அப்புறம், 'பார்த்து, பார்த்து' என்று சொல்வதை நிறுத்துங்கள். நம்மில் எல்லாருக்கும் இந்தப் பழக்கம் உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? அதைவிட இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, இன்னும் எவ்வளவு இடம் இருக்கிறதோ அவ்வளவு அகலம் விரித்துக் காட்டுங்கள். வண்டி நெருங்க நெருங்கக் கைகளும் நெருங்கட்டும். இடுப்பளவில் காட்டுகிற கை சைடு கண்ணாடியில் சரியாகத் தெரியாமல் போகலாம்.

எங்கே நிற்பது என்பதற்கு ஒரே விதி: அவர் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிய வேண்டும். நம் தென்னாப்பிரிக்காவில் ஓட்டுநர் வலது பக்கம் உட்காருகிறார். அதனால் கேரவனின் வலது பின்மூலையிலிருந்து சில மீட்டர் தள்ளி, அது வரும் பாதைக்கு வெளியே நில்லுங்கள். கேரவனுக்கு நேர் பின்னால் ஒருபோதும் வேண்டாம்; சுவருக்கும் கேரவனுக்கும் நடுவில் கூடவே கூடாது. மறுபக்கம் போய்ப் பார்க்க வேண்டுமென்றால் முதலில் வண்டியை நிறுத்தச் சொல்லுங்கள். நடந்து போய், அந்தப் பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில் நின்று கையைத் தூக்குங்கள். அதற்குப் பிறகுதான் அவர் பிரேக்கிலிருந்து காலை எடுக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பல வருடங்களுக்கு முன் தென்கடற்கரையில் ஒரு கேம்ப் இடத்தில் என் தம்பிக்குக் கைகாட்டிக்கொண்டே பின்னால் நடந்தேன். பக்கத்துக் கூடாரத்தின் கயிறு கணுக்காலில் மாட்டி, மல்லாக்க விழுந்தேன். புல் ஈரமாக இருந்தது. எழுந்திருக்கக் கை ஊன்றினால் வழுக்கியது. கேரவனின் பம்பர் என் முழங்காலுக்கு ஒரு கை தூரம் வந்துவிட்டது. கண்ணாடியில் நான் காணாமல் போனதைத் தம்பி கவனிக்கவில்லை, 'அண்ணன் ஓரமாக நகர்ந்திருப்பார்' என்று நினைத்தானாம். அந்தக் கூடாரத்து அம்மா போட்ட சத்தத்தில்தான் பிரேக்கை மிதித்தான். அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் ஒரு கட்டளை: கண்ணாடியில் ஆள் தெரியவில்லையென்றால், அந்த நொடியே வண்டி நிற்க வேண்டும். ஏன் தெரியவில்லை என்ற யோசனை நின்ற பிறகு.

'ஸ்டாப்' என்ற சொல்லுக்கும் அதே மரியாதை. யார் சொன்னாலும், தப்பாகச் சொன்னாலும், வண்டி நின்றாக வேண்டும். 'எதற்கு நிறுத்தினாய்' என்று உங்கள் வீட்டுக்காரர் ஒரே ஒரு முறை கோபித்துக்கொண்டால் போதும், அடுத்த முறை நீங்கள் சொல்லத் தயங்குவீர்கள். அந்தத் தயக்கத்தில்தான் குழாய் உடைகிறது. ஒரு மீட்டர் மிச்சம் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். நடை வேகத்தில் வந்தால்கூட, சொன்னது காதில் விழுந்து கால் பிரேக்குக்குப் போவதற்குள் கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் வண்டி வந்துவிடும்.

போனில் பேசிக்கொள்வது நல்ல வழிதான், கத்த வேண்டியதில்லை. ஆனால் அவர் போன் ஸ்பீக்கரில் போட்டு வண்டியில் மாட்டியிருக்க வேண்டும், கையில் இருக்கக் கூடாது. லைன் அறுந்தால் அதற்கும் 'ஸ்டாப்' என்றே அர்த்தம்.

இடத்துக்குள் நுழைவதற்கு முன் ஒரு முடிவு எடுக்கலாம். முடிந்தால் ஓட்டுநர் பக்கமாக, அதாவது வலது பக்கமாக வால் வளைந்து உள்ளே போகும்படி வண்டியைக் கொண்டுவந்து நிறுத்துங்கள். அப்போது அவர் ஜன்னலில் தலையை நீட்டிக் கேரவனின் சக்கரத்தையே பார்க்கலாம். இடது பக்கம் வளைந்தால் அவருக்குத் தெரிவது கேரவனின் சுவர் மட்டும்தான். கேம்பை ஒரு சுற்றுச் சுற்றி எதிர்ப்பக்கமாக வர வழியிருந்தால், அந்த ஐந்து நிமிடம் வீணில்லை. டிராக்கன்ஸ்பர்க்கில் கோடைகாலப் பிற்பகல்களில் இடிமழை சகஜம். மதியத்துக்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்புங்கள். மழையிலும் இருட்டிலும் அனுபவசாலிகளே தடுமாறுவார்கள்.

இன்னொன்றையும் பலர் மறக்கிறார்கள். வால் உள்ளே போகும்போது பக்கியின் மூக்கு எதிர்ப்பக்கம் வீசும். டபுள் கேப் (இரண்டு வரிசை இருக்கையுள்ள) பக்கியும் கேரவனும் சேர்ந்தால் 10 மீட்டரைத் தாண்டும். வாலையே பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் பக்கத்து வீட்டார் கார் உரசும். கேரவன் ரொம்ப மடங்கிப் பக்கியோடு மூலை சேர்கிற மாதிரி வந்துவிட்டால் திருத்தப் பார்க்காதீர்கள். முன்னால் எடுத்து, நேராக்கி, மறுபடி வாருங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சாட்ஸ்வொர்த்தில் வீட்டு வாசல் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்: செங்குத்தான டிரைவ்வே, குறுகலான கேட். அங்கே கேட் தூணைவிடத் தரையைக் கவனியுங்கள். ரோட்டிலிருந்து மேடு தொடங்கும் இடத்தில் கேரவனின் வால் தரையைத் தேய்க்கலாம். ஜாக்கி வீல் (கேரவனின் முன்பக்கத்தைத் தாங்கும் சின்னச் சக்கரம்) முழுக்க மேலே ஏற்றியிருக்கிறதா என்றும் பாருங்கள். உங்களுடையது பழைய கேரவன் என்கிறீர்கள். சில பழைய ஓவர்ரன் பிரேக்குகள் (கேரவன் முன்னால் உந்தித் தள்ளும்போது தானாகப் பிடிக்கிற வகை) ரிவர்ஸ் எடுத்தாலே தானாகப் பிடித்துக்கொள்ளும். அதைத் தடுக்கக் கப்ளிங் (ஹிட்சில் மாட்டும் பகுதி) அருகே ஒரு கொக்கி இருக்கும். மேட்டில் வண்டி திணறினால் ஆக்சிலேட்டரை மிதிக்காமல் முதலில் அதைப் பார்க்கச் சொல்லுங்கள். லைசென்சையும் ஒரு முறை பாருங்கள். கோட் பி லைசென்ஸ், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 750 கிலோ வரையுள்ள டிரெய்லருக்குத்தான். அதற்கு மேல் கோட் ஈபி வேண்டும். எடை கேரவனில் உள்ள தகட்டில் இருக்கும்.

மகனைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் கைகாட்டுவது ஒருவர்தான். இரண்டு பேர் காட்டினால் ஓட்டுகிறவர் யாரைப் பார்ப்பார்? மகன் இடது பக்கம், பாதைக்கு வெளியே நின்று, கிளை, கரண்டுக் கம்பி, சைக்கிளில் வரும் சின்னப் பிள்ளைகள் இவற்றைக் கவனிக்கட்டும். அவன் வாயில் வர வேண்டிய ஒரே சொல் 'ஸ்டாப்'. உதவ ஓடிவரும் பக்கத்துக் கேரவன்காரருக்கும் இதே கணக்கு. நன்றி சொல்லி, ஒரு மூலையைப் பார்த்துக்கொள்ளும்படி கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் காலியான பார்க்கிங்கில் நான்கு தண்ணீர் பாட்டில்களை நிறுத்தி, மூவரும் ஒரு மணி நேரம் பழகிவிடுங்கள்.

இடத்தில் வந்து நின்றதும் உடனே கழற்றாதீர்கள். கேரவனின் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, சக்கரங்களின் இரு பக்கமும் கட்டை வைக்க வேண்டும். கட்டை வைக்கிற வேலையை மகனுக்கே கொடுங்கள். பக்கி எஞ்சின் அணைந்த பிறகு அவன் சக்கரங்களுக்கு அருகே போகட்டும். 'வைத்தாச்சு' என்று அவன் வெளியே வந்து சொன்ன பிறகே அப்பா கப்ளிங்கில் கை வைக்க வேண்டும்.