‘நைஸ்’ என்றால் முட்டாளா? டியூஷன் சான்றிதழில் எந்தப் பாராட்டை எழுதுவது

கேள்வி: தண்டையார்பேட்டையில் மாலை நேர டியூஷன் நடத்துகிறேன். பிள்ளைகள் நோட்டில் நைஸ், குட், டெரிஃபிக் என்று எழுதுவது வழக்கம். ‘நைஸ் என்றால் முட்டாள், டெரிஃபிக் என்றால் பயங்கரம், சின்சியர் என்றால் மெழுகு பூசாதது’ என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அதைப் படித்த ஓர் அம்மா, “எம் பொண்ணு நோட்ல ஏன் மிஸ் இப்படி எழுதுனீங்க?” என்று கேட்டுவிட்டார். அடுத்த மாதம் ஆண்டு விழா, சான்றிதழ் தர வேண்டும். எந்தச் சொல்லை எழுதலாம், எதை விடலாம்?

பதில்: நோட்டில் எழுதியதை அழிக்க வேண்டாம். அந்தச் செய்தியில் முதல் இரண்டும் பழைய காலத்துப் பொருள், மூன்றாவது கட்டுக்கதை. இன்று ஆங்கிலம் பேசுபவர் யாரும் ‘நைஸ்’ என்று கேட்டு முட்டாள் என்று புரிந்துகொள்வதில்லை.

நைஸின் மூலம் லத்தீன் சொல்லான ‘நெஸ்கியுஸ்’. ‘ஸ்கிரே’ என்றால் அறிதல், முன்னால் வரும் ‘நெ’ அதை மறுக்கிறது. ஆக, அறியாதவன். (சயின்ஸ் என்ற சொல்லும் இதே ‘ஸ்கிரே’யிலிருந்து வந்ததுதான்.) பிரெஞ்சு வழியாக 1300 வாக்கில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது முட்டாள்தனம் என்ற பொருளோடுதான் நுழைந்தது. பிறகு எதற்கெடுத்தாலும் குறை சொல்கிறவர், நாசூக்கானவர், நுட்பமானது, துல்லியமானது என்று படிப்படியாக நகர்ந்து, 18-ஆம் நூற்றாண்டில் ‘இனிமையானது’ என்ற இடத்துக்கு வந்து சேர்ந்தது. நம் மாவு மில்லில் “நைஸா அரைச்சுக் குடுங்க” என்கிறோமே, அது அந்த நடுக்காலத்து நுட்பமான பொருளுக்குப் பக்கத்தில் நிற்கிறது. இதற்கு நேர் எதிராக இறங்கிய சொல் ‘சில்லி’. ஆயிரம் ஆண்டுக்கு முன் அதற்குப் பாக்கியம் பெற்றவர் என்று பொருள், இன்று அசட்டுத்தனம். தமிழிலும் பழைய பாடல்களில் நாற்றம் என்றால் நறுமணமும்தான். அந்த அம்மாவிடம் இந்த ஒன்றைச் சொன்னால் போதும், உடனே புரிந்துகொள்வார்.

டெரிஃபிக் விஷயத்தில் வடசென்னைக்காரர்களுக்கு விளக்கமே தேவைப்படாது. லத்தீனில் ‘டெரேரே’ என்றால் பயமுறுத்துதல். 17-ஆம் நூற்றாண்டில் டெரிஃபிக் என்றால் அச்சமூட்டுவது. பிறகு ‘மிகப் பெரிய’, ‘கடுமையான’ என்று நீர்த்து, 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாராட்டாகிவிட்டது. வியாசர்பாடி மைதானத்தில் ஒரு பையன் கோல் போட்டால் “மிரட்டிட்டான்பா” என்கிறோம். அதே மனசு, அதே வழி. ஆஸமும் அப்படித்தான். அதன் வேர் ‘ஆ’ என்ற ஆங்கிலச் சொல், ஸ்காண்டிநேவிய மொழியில் அச்சத்தைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. கடவுள் சன்னிதியில் வரும் நடுக்கம் கலந்த பக்தி என்று ஆங்கிலத்தில் நிலைத்தது.

இங்கே கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. அதே வேர்களில் பிறந்த இன்னும் இரண்டு சொற்கள் கெட்ட பொருளில் நின்றுவிட்டன. டெரிஃபிக் பாராட்டு, டெரிபிள் திட்டு. ஆஸம் பாராட்டு, ஆஃபுல் என்றால் படுமோசம். அவசரத்தில் சான்றிதழில் ‘டெரிபிள் பெர்ஃபார்மன்ஸ்’ என்று அச்சாகிவிட்டால் அதுதான் உண்மையிலேயே அவமானம். டெரிஃபிக், ஆஸம், சூப்பர், ஃபேன்டாஸ்டிக் எல்லாம் பேச்சு வழக்கின் துள்ளல் உள்ள சொற்கள். நோட்டுக்கு அழகு, சான்றிதழுக்கு வேண்டாம்.

சின்சியருக்கு வருவோம். சிற்பிகள் பளிங்கில் விழுந்த விரிசலை மெழுகால் அடைத்து ஏமாற்றினார்கள், மெழுகில்லாத சிலை ‘சினே சேரா’, அதுவே சின்சியர் ஆனது என்பது கதை. இதற்கு ஆதாரம் கிடையாது. லத்தீனில் ‘சின்கேருஸ்’ என்றால் கலப்படமற்றது, தூய்மையானது, அவ்வளவுதான். ஆனால் இந்தச் சொல்லை வேறு காரணத்துக்காக யோசித்துப் போடுங்கள். நம் ஊரில் சின்சியர் ஸ்டூடன்ட் என்றால் ஒழுங்காக வந்து, கருத்தாகப் படிக்கிற பிள்ளை. இங்கிலாந்திலோ அமெரிக்காவிலோ சின்சியர் என்றால் மனதில் உள்ளதைப் பொய்யில்லாமல் சொல்பவர். வீட்டில் மாட்டி வைக்கிற சான்றிதழ் என்றால் சின்சியரே இருக்கட்டும். பிள்ளை வெளியே எங்காவது காட்ட வேண்டியிருக்கும் என்றால் ‘ஹார்ட் ஒர்க்கிங்’ என்று போடுவது தெளிவு.

பெற்றோர் அதிகம் குழம்புவது பெரிய சொற்களில் இல்லை, சின்னச் சொற்களில். ஃபேர் என்று எழுதினால் சிலர் நியாயம் என்று படிப்பார்கள், சிலர் பொண்ணு நிறத்தைச் சொல்கிறார் மிஸ் என்று நினைப்பார்கள். மதிப்பீட்டில் ஃபேர் என்பது ‘குட்’ என்பதற்குக் கீழே, சுமார். சாட்டிஸ்ஃபாக்டரியில் இருக்கும் ‘சாட்டிஸ்’ லத்தீனில் ‘போதும்’. அதாவது தேறிவிட்டான், அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. ‘கொயட் குட்’ என்பதைத் தவிர்த்துவிடுங்கள். பிரிட்டிஷ் வழக்கில் பெரும்பாலும் ‘பரவாயில்லை’ என்ற அளவுதான், அமெரிக்க வழக்கில் ‘நன்றாகவே’. எக்ஸலன்ட் என்பது மற்றவரைத் தாண்டி உயர்வது. உச்சத்தை அதுவே சொல்லிவிடுவதால் ‘வெரி எக்ஸலன்ட்’ என்று எழுதுவது பிழை.

அவுட்ஸ்டாண்டிங் என்றால் கூட்டத்திலிருந்து தனித்து நிற்பது. பாக்கிப் பணத்துக்கும் அதே சொல்தான், தீர்க்கப்படாமல் நிற்பது என்ற பொருளில். ஃபீஸ் கட்டம் உள்ள அட்டையிலேயே ரிமார்க்ஸும் எழுதுகிறவராக இருந்தால் வெறும் ‘அவுட்ஸ்டாண்டிங்’ என்று எழுதிவிடாதீர்கள். போன மாதப் பணம் கட்டவில்லையோ என்று வீட்டில் சண்டை வந்துவிடும். ‘அவுட்ஸ்டாண்டிங் ஒர்க்’ என்று இரண்டு சொல்லாக எழுதினால் சிக்கல் இல்லை.

துறைமுகத்தை ஒட்டி வாழ்கிற பிள்ளைகளுக்கு வகுப்பிலேயே சொல்ல வேண்டிய இரண்டு சொற்கள் உண்டு. ‘ஏ ஒன்’ டீ, ‘ஏ ஒன்’ சரக்கு என்கிறோமே, அது கப்பல்களுக்குத் தந்த மதிப்பெண். லண்டனில் எட்வர்ட் லாயிட் தொடங்கிய காபிக் கடையில் கூடிய வணிகர்கள் 1760-இல் கப்பல்களின் தரத்தைப் பதிவு செய்யும் லாயிட்ஸ் ரிஜிஸ்டரைத் தொடங்கினார்கள். கப்பலை நம்பி காப்பீடு தருவதற்கு முன் அதன் நிலை தெரிய வேண்டும். கப்பல் உடலின் தரத்துக்கு எழுத்து, நங்கூரம், வடம் போன்ற சாதனங்களின் தரத்துக்கு எண். இரண்டிலும் முதலிடம் பெற்றது ‘ஏ ஒன்’. ‘ஃபர்ஸ்ட் ரேட்’ பிரிட்டிஷ் கடற்படையிலிருந்து வந்தது. 100 அல்லது அதற்கு மேல் பீரங்கி தாங்கிய போர்க்கப்பல் அந்த வகுப்பு. ஆனால் ஏ ஒன் என்பதும் பேச்சுச் சொல்தான், சான்றிதழில் கிரேடு என்று நினைத்துக்கொள்வார்கள்.

டேலன்ட் என்பது முதலில் எடை, பிறகு அந்த எடை வெள்ளியின் மதிப்பு. மத்தேயு 25-ஆம் அதிகாரத்தில் எஜமான் ஊழியர்களிடம் ஐந்து, இரண்டு, ஒன்று என்று ஒப்படைத்துப் போவது இந்தப் பணத்தைத்தான். தமிழ் வேதாகமத்தில் ‘தாலந்து’. ராயபுரத்தில் கோயிலுக்குப் போகிற பிள்ளைகளுக்கு இது தெரிந்த சொல். அந்தக் கதையின் வழியாகத்தான் ‘கடவுள் கொடுத்த திறமை’ என்ற பொருள் வந்தது. ஜீனியஸ் என்பதும் ரோமானியர்களுக்குப் பிறப்போடு கூட வரும் காவல் தெய்வம். இரண்டுமே பிள்ளை தானாகச் சம்பாதித்ததைச் சொல்வதில்லை. உளவியலாளர்கள் கிளாடியா மியூலரும் கேரல் ட்வெக்கும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிவைப் பாராட்டப்பட்ட பிள்ளைகள் தோல்விக்குப் பின் சீக்கிரம் சோர்ந்தார்கள், உழைப்பைப் பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முயன்றார்கள். ஆகவே ஜீனியஸ், பிரில்லியன்ட், ஸ்மார்ட் ஆகியவற்றைச் சான்றிதழில் போட வேண்டாம் என்பதே எங்கள் உறுதியான கருத்து.

சான்றிதழில் மூன்று வகை போதும். முதல் மதிப்பெண்ணுக்கு ‘ஃபார் எக்ஸலன்ஸ் இன் மேத்தமேடிக்ஸ்’. பின்தங்கியிருந்து ஏறி வந்த பிள்ளைக்கு ‘ஃபார் தி மோஸ்ட் இம்ப்ரூவ்மென்ட் இன் இங்கிலீஷ்’. ஒரு நாளும் விடாமல் வந்தவருக்கு ‘ஃபார் ஃபுல் அட்டெண்டன்ஸ்’. இந்த இரண்டாவதைக் கட்டாயம் வையுங்கள், முதல் பரிசு எட்டாத பிள்ளைக்கு அதுதான் பெரிய பரிசு. நோட்டில் எழுதும்போது குட் என்பதோடு எது குட் என்பதையும் தமிழிலேயே சேருங்கள்: ‘குட். பின்னத்தில் பொது வகுஎண் சரியாக எடுத்திருக்கிறாய்.’ அம்மாவும் படித்துப் புரிந்துகொள்வார்.

அச்சுக்குக் கொடுக்கும் முன் நான்கு இடங்களைச் சரிபாருங்கள். கணக்கில் கெட்டிக்காரர் என்பதற்கு ‘குட் அட் மேத்ஸ்’, ‘குட் இன்’ அல்ல. கங்கிராஜுலேஷன்ஸ் எப்போதும் கடைசி ‘எஸ்’ எழுத்தோடு வரும், ஒன்றைச் சாதித்ததற்காக என்றால் அடுத்து ‘ஆன்’ போடுவதே பாதுகாப்பு. குடோஸ் என்பது புகழ் என்ற கிரேக்க ஒருமைச் சொல், கடைசி எழுத்தை வெட்டி ‘குடோ’ ஆக்கக் கூடாது. அன்பளிப்பு உறையில் ‘வித் பெஸ்ட் காம்ப்ளிமென்ட்ஸ்’ என்று அச்சடித்தால் எல் எழுத்துக்கு அடுத்து ‘ஐ’ வர வேண்டும், ‘ஈ’ வந்தால் குறையை நிரப்புவது என்ற வேறு சொல் ஆகிவிடும்.