கடல் தாங்கும் என்று சொல்லி விற்ற ஸ்பீக்கர்: யார் பொறுப்பு?

கேள்வி: போடிநாயக்கனூர் பக்கம் சொந்த ஜீப் வைத்து, எஸ்டேட் பாதைகளில் சுற்றுலாப் பயணிகளை மலைக்கு ஏற்றிச் செல்வதே என் பிழைப்பு. மஞ்சள் போர்டு வண்டி, பெர்மிட் உண்டு. என் மச்சான் தூத்துக்குடி மாவட்டத்தில் பைபர் படகு வைத்து மீன்பிடிக்கிறார். 2025 ஜனவரியில் மதுரைக் கடை ஒன்றில் ஆறரை அங்குல வாட்டர்ப்ரூஃப் கோஆக்சியல் ஸ்பீக்கர்கள் ஆறும் ஆம்ப்ளிஃபையர் இரண்டும் வாங்கினோம். ஃபிட்டிங் கூலியும் சேர்த்து ரூ.74,000, பில் என் பெயரில் இருக்கிறது. கடை ஆட்களே ஜீப்பில் இரண்டும் படகில் நான்கும் மாட்டினார்கள். மார்ச் மாதமே படகில் மூன்று ஊமையாகிவிட்டன. ஜூலை மழையில் ஜீப்பின் ஆம்ப்ளிஃபையர் ஒயர் தீப்பிடித்து, சீட்டும் ஒயரிங்கும் கருகியதில் ரூ.11,400 செலவு. தண்ணீர் பட்டுக் கெட்டால் வாரண்டி இல்லை என்கிறார் கடைக்காரர். இறக்குமதி நிறுவனம் பதிலே தரவில்லை. ஜீப்பில் ஸ்பீக்கர் வைத்ததே குற்றம் என்று ஒரு காவலர் சொன்னதால் வழக்குப் போடவும் தயக்கமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் தாராளமாக வழக்குத் தொடரலாம். ஆனால் யார்மீது, எந்த அடிப்படையில் தொடர்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே வழக்கு நிற்கும் என்பதால் அதை முதலில் விளக்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய அட்டைப்பெட்டிப் படத்தில் ‘ஐபிஎக்ஸ்5’ என்ற நீர்காப்புத் தரக் குறியீடு அச்சிடப்பட்டிருக்கிறது. 6.3 மி.மீ. துளையுள்ள குழாயிலிருந்து நிமிடத்திற்கு 12.5 லிட்டர் வீதம் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும் என்பதே அந்தக் குறியீட்டின் பொருள். ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் தாங்கும் என்பது ஐபிஎக்ஸ்7. அது வேறு தரம். இரண்டுமே நல்ல தண்ணீரில் செய்யப்படும் சோதனைகள்; உப்புக் காற்றுக்கும் உப்புத் தண்ணீருக்கும் தனிச் சோதனை உண்டு, அதைப் பற்றிப் பெட்டியில் ஒரு சொல்லும் இல்லை. ஆகவே, இறக்குமதி நிறுவனத்தை மட்டும் எதிர்தரப்பாகச் சேர்த்தால், “கடல் தாங்கும் என்று நாங்கள் எங்கே சொன்னோம்?” என்ற ஒரே கேள்வியில் அவர்கள் தப்பிக்க வாய்ப்பிருக்கிறது.

கடைக்காரருக்கு அந்த வாய்ப்பு இல்லை. படகில் மாட்டப்போவதாக நீங்கள் முன்பே வாட்ஸ்அப்பில் சொல்லியிருக்கிறீர்கள்; “கடல் தண்ணியே ஏறினாலும் ஒண்ணும் ஆகாது, நான் கேரண்டி” என்று அவர் பதில் எழுதியிருக்கிறார். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019, பிரிவு 2(10), சட்டப்படியோ ஒப்பந்தப்படியோ இருக்க வேண்டிய தரத்தில் உள்ள குறையை மட்டுமல்லாமல், வணிகர் எந்த விதத்திலாவது உரிமைகொண்டாடிய தரத்தில் உள்ள குறையையும் ‘பழுது’ என்றே வரையறுக்கிறது. 1930ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டம், பிரிவு 16(1), வாங்குபவர் தன் தேவையைத் தெரிவித்து, விற்பவரின் தொழிலறிவை நம்பி வாங்கினால், அந்தத் தேவைக்குப் பொருள் பொருந்தும் என்ற உறுதி விற்பனையிலேயே அடங்கியிருப்பதாகக் கொள்கிறது. பெட்டி தந்த உறுதி சிறியது, கடைக்காரர் தந்ததோ பெரியது. அந்தப் பெரிய உறுதிக்கு அவரே பொறுப்பு. எனவே அவரை முதல் எதிர்தரப்பினராகவும், பெட்டியில் முகவரியுள்ள இறக்குமதியாளரை இரண்டாம் எதிர்தரப்பினராகவும் சேருங்கள்.

அடுத்தது, மாட்டிய விதம். படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நடுவில் ட்வீட்டரை (கீச்சொலி தரும் சிறு ஸ்பீக்கர்) தாங்கும் தண்டைச் சுற்றி வளையமாகத் துரு. பின்பக்க முனைகளில் பச்சைக் களிம்பு. ஒயர் இணைப்புகளில் வெறும் கறுப்பு இன்சுலேஷன் டேப். இவற்றைவிட முக்கியமானது, அணியத்தில் (படகின் முன்முனை) நங்கூரக் கயிறு போட்டுவைக்கும் அறைக்குள் ஸ்பீக்கரின் முதுகு திறந்தபடி நீட்டிக்கொண்டிருப்பது. ஈரக் கயிறும் அடியில் தேங்கும் தண்ணீரும் அதன்மேல் படாமல் இருக்க வழியே இல்லை. ‘பின்பகுதியை ஈரம் படாமல் காக்கவும்’ என்று நீங்கள் அனுப்பிய கையேட்டுப் பக்கத்திலேயே எழுதியிருக்கிறது. ஜீப்பின் படத்தில், பேட்டரியிலிருந்து ஆம்ப்ளிஃபையர் வரை சிவப்பு ஒயர் நேராக ஓடுகிறது; வழியில் எங்கும் ஃபியூஸ் கூடு இல்லை. பேட்டரிக்கு ஒட்டியே ஃபியூஸ் போடுவது இந்தத் தொழிலில் புதிதாகக் கைவைப்பவரும் அறிந்த பாடம். கூலி வாங்கிக்கொண்டு செய்த வேலையில் இத்தனை குறை இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 2(11) சொல்லும் சேவைக் குறைபாடு. இதைத் தனித் தலைப்பாகவே புகார் மனுவில் எழுத வேண்டும்.

தீயால் வந்த ரூ.11,400 இழப்புக்கு இன்னொரு வழியும் இருக்கிறது. இதே சட்டம், பிரிவு 2(37), ‘பொருள் விற்பனையாளர்’ என்ற சொல்லுக்குள் பொருளைப் பொருத்தித் தருபவரையும் கொண்டுவருகிறது. பொருத்துவதில் நியாயமான கவனம் காட்டாமலோ, தயாரிப்பாளரின் எச்சரிக்கைகளையும் பயன்பாட்டுக் குறிப்புகளையும் வாங்குபவருக்குச் சொல்லாமலோ விட்டு, அதனால் தீங்கு நேர்ந்தால் அவர் பொறுப்பு என்கிறது பிரிவு 86. இங்கே ஒரு நுணுக்கத்தை மறந்துவிடாதீர்கள். தயாரிப்புப் பொறுப்பு என்ற இந்தத் தலைப்பில், பொருளுக்கே நேர்ந்த சேதம் ‘தீங்கு’ ஆகாது என்று பிரிவு 2(22) விலக்கியிருக்கிறது. எனவே ஸ்பீக்கரின் விலையைப் பழுது, சேவைக் குறைபாடு ஆகிய தலைப்புகளிலும், கருகிய சீட்டையும் ஒயரிங்கையும் தயாரிப்புப் பொறுப்பு, சேவைக் குறைபாடு ஆகிய இரண்டிலும் கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே பத்தியில் குழப்பி எழுதி, எதிர்தரப்பு வழக்கறிஞருக்கு எளிதான பதிலைக் கையில் கொடுத்த மனுக்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

‘தண்ணீர் பட்டால் வாரண்டி இல்லை’ என்ற வாசகத்தைக் கண்டு பயப்பட வேண்டாம். வாட்டர்ப்ரூஃப் என்று சொல்லி விற்ற பொருளில், தண்ணீரால் வரும் பழுதையே விலக்குவது விற்பனையின் அடிப்படைக்கே முரணானது என்று வாதிடலாம். ஆனால் அந்த வாசகத்தை ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்று அறிவிக்கக் கோராதீர்கள். அந்தக் கோரிக்கையை மாநில நுகர்வோர் ஆணையம்தான் விசாரிக்க முடியும், ஒரு வரிக்காக உங்கள் மனு உங்கள் மாவட்டமான தேனியின் ஆணையத்தைவிட்டுப் போக நேரிடும்.

நீங்கள் இருவரும் தொழிலுக்காக வாங்கியதால் நுகர்வோரே அல்ல என்று அவர்கள் கட்டாயம் வாதிடுவார்கள். வணிக நோக்கத்திற்கு வாங்குபவர் நுகர்வோர் அல்ல என்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து பிழைப்பதற்காகவே வாங்கித் தானே பயன்படுத்துபவரைச் சட்டத்தின் விளக்கக் குறிப்பு காக்கிறது. கோவையின் பி.எஸ்.ஜி. தொழிற்கூடத்தை எதிர்தரப்பாகக் கொண்ட லட்சுமி இன்ஜினியரிங் வழக்கில் 1995இல் உச்ச நீதிமன்றம் இதை விரிவாக ஆராய்ந்தது. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவரையும், உதவிக்கு ஓரிருவரை வைத்துக்கொள்பவரையும் அந்தத் தீர்ப்பு விலக்கவில்லை. ஜீப்பை நீங்களே ஓட்டுவதையும், படகை மச்சான் தாமே ஓட்டுவதையும், உங்களிடம் வேறு வண்டியோ அவரிடம் வேறு படகோ இல்லை என்றால் அதையும், மனுவிலும் உறுதிமொழிப் பத்திரத்திலும் தெளிவாகச் சொல்லுங்கள். பில் உங்கள் பெயரில் இருப்பதால் மச்சானின் உரிமை போய்விடாது. வாங்கியவரின் சம்மதத்தோடு பயன்படுத்துபவரும் நுகர்வோரே. அவரையும் மனுதாரராகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வழக்கைத் தேனி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே தாக்கல் செய்யலாம். மனுதாரர் குடியிருக்கும் இடத்திலேயே புகார் தரும் உரிமையைப் பிரிவு 34 தருகிறது. கொடுத்த விலை ரூ.5 லட்சத்திற்கு உட்பட்டிருப்பதால் கட்டணம் இல்லை. பழுது தெரிந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம். படகைப் பொறுத்தவரை அது 2027 மார்ச்சோடு முடிகிறது. நோட்டீஸ் அனுப்புவது சட்டப்படி கட்டாயம் இல்லை என்றாலும், ஒப்புகையுடன் கூடிய விரைவு அஞ்சலில் இருவருக்கும் பதினைந்து நாள் கெடு வைத்து அனுப்புங்கள். தொகையைப் பெருக்கிக் கேட்காதீர்கள், ரூ.74,000, ரூ.11,400, மன உளைச்சலுக்கு ஒரு நியாயமான தொகை, வழக்குச் செலவு, இவை போதும்.

குறையை நிரூபிக்கும் பொறுப்பு முதலில் உங்களுடையது. ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்திற்கு அனுப்பலாம். அதற்கான கட்டணத்தை நீங்கள் செலுத்த நேரிடலாம். சட்டம் சொல்லும் காலம் சோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதம், இல்லையென்றால் மூன்று மாதம். நடைமுறையில் கூடுதலாகவே ஆகும் என்பதை மனத்தில் வையுங்கள். அதுவரை ஊமையான மூன்று ஸ்பீக்கர்களையும் எந்த மெக்கானிக்கும் பிரிக்கக் கூடாது, துருவைத் துடைக்கவும் கூடாது. “கொண்டு வாங்க, பார்த்துத் தர்றேன்” என்று கடையில் சொன்னால், மாடல், வரிசை எண், நிலை ஆகியவற்றை எழுதிக் கையொப்பமிட்ட ரசீது இல்லாமல் ஒப்படைக்காதீர்கள். வாட்ஸ்அப் உரையாடல் உள்ள கைப்பேசியை மாற்ற வேண்டாம். ஆணையத்தில் சாட்சியச் சட்டம் கறாராகப் பின்பற்றப்படுவதில்லை. ஆயினும் 2023ஆம் ஆண்டு பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63இன்படி மின்னணுப் பதிவுக்குத் தரும் சான்றிதழோடு உரையாடலின் அச்சுப்பிரதியைத் தாக்கல் செய்வது நல்லது.

காவலர் சொன்னதற்கு வருகிறேன். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 52, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கூரைக்கம்பியில் ஸ்பீக்கர் மாட்டுவதால் அந்த விவரம் எதுவும் மாறுவதில்லை. குற்றமாவது சத்தம்தான். ஒலி மாசு விதிகள், 2000, குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரையறுக்கின்றன. ஒலித் தரத்தை மீறி ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 190(2)இன்படி முதல் முறையே மூன்று மாதம் வரை சிறையோ ரூ.10,000 வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கலாம், உரிமமும் மூன்று மாதம் பறிபோகலாம். ஓட்டிப் பிழைக்கும் உங்களுக்கு உரிமம் போவது பெரிய அடி. யானையும் காட்டெருமையும் நடமாடும் பாதையில் பாட்டை நிறுத்திவிடுங்கள். இதைச் சட்டத்திற்காக மட்டும் சொல்லவில்லை.

இதைப் படித்ததும் மச்சானுக்குப் போன் செய்து, படகில் பேட்டரியிலிருந்து போகும் ஒயரைப் படம் எடுக்கச் சொல்லுங்கள். அதே ஆட்கள் மாட்டியது என்பதால் அங்கும் ஃபியூஸ் இருக்காது என்று அஞ்சுகிறேன். படம் எடுத்தபின் அந்த ஒயரைக் கழற்றிவிட வேண்டும். கரையில் ஜீப் பற்றினால் இறங்கி ஓடலாம், நடுக்கடலில் பைபர் படகு பற்றினால் ஓட இடமில்லை. பாடிக்கொண்டிருக்கும் நான்காவது ஸ்பீக்கர் திசைகாட்டிக்குப் பக்கத்தில் இருப்பது படத்தில் தெரிகிறது. ஸ்பீக்கரின் காந்தம் முள்ளைத் திருப்பிவிடும். அது இருக்கும் இடத்தையும் முள்ளின் நிலையையும் முதலில் படம் எடுத்துவிட்டு, அதை அங்கிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள்.