காம்பியா ஆற்றங்கரையில் என்னதான் இருக்கிறது?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்காவில் காம்பியா ஆற்றின் நடுவே உள்ள அடிமைத் தீவை உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்திருக்கிறது. படத்தில் பார்த்தால் நாலு இடிந்த சுவர்தான் தெரிகிறது. ஐரோப்பியர் வந்துபோன தடயத்தை விட்டால், அந்த ஆற்றங்கரையில் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்ட வேறு என்னதான் இருக்கிறது?

பதில்: ஐரோப்பியக் கப்பல் வந்த பிறகுதான் அந்தக் கரைக்கு வரலாறே தொடங்கியது என்ற எண்ணம் உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. ஆகவே தீவைப் பிறகு பார்ப்போம். முதலில் கல்வட்டங்களுக்கு, அதாவது இறந்தோரைப் புதைத்த இடத்தில் வட்டமாக நட்ட கல்தூண்களுக்கு, வாருங்கள். ஆற்றை ஒட்டி ஏறத்தாழ 350 கிலோமீட்டர் நீளமும் 100 கிலோமீட்டர் அகலமும் கொண்ட நிலப்பரப்பில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஈமச் சின்னங்கள் இருக்கின்றன. அவற்றுள் காம்பியாவின் வாசு, கெர்பாச், செனகலின் சின் ஙயேன், வனார் ஆகிய நான்கு தொகுதிகளில் உள்ள 93 கல்வட்டங்கள் 2006-இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. அகழ்ந்தெடுத்த பொருள்களைக் கொண்டு இவற்றின் காலத்தைக் கி.மு. 3-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 16-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று கணிக்கிறார்கள். முதல் போர்த்துக்கீசியப் பாய்மரம் அந்த ஆற்றுக்குள் நுழைந்தது 15-ஆம் நூற்றாண்டின் நடுவில்தான் என்பதை இதோடு சேர்த்துப் பாருங்கள்.

கற்கள் அனைத்தும் செம்புரைக்கல். மலபாரில் வீடு கட்ட வெட்டியெடுக்கிறார்களே, அந்த இனம். நிலத்துக்குள் இருக்கும்வரை வெட்டுவதற்கு இணங்கும், வெளிக்காற்றில் இறுகிவிடும். இதை அறிந்து, இரும்புக் கருவியால் பாளம் பாளமாகப் பெயர்த்து, பல டன் எடையுள்ள ஒரே கல்லை உருளையாகவோ பல பட்டையாகவோ செதுக்கி, ஒரு வட்டத்துக்குப் பெரும்பாலும் எட்டு முதல் பதினான்கு வரை நட்டிருக்கிறார்கள். வாசுவில் சில தூண்கள் ஆளுயரத்தைத் தாண்டுகின்றன. வருகிறவர்கள் ஏதேனும் ஒன்றை வேண்டிக்கொண்டு தூண்களின் தலையில் சிறு கல்லை வைத்துவிட்டுப் போகும் வழக்கம் இன்றும் இருக்கிறது. கட்டிய மக்கள் யார் என்பதில் ஆய்வாளர்களிடையே ஒருமித்த முடிவு இல்லை. ஆனால் சுரங்கம், போக்குவரத்து, ஆள்பலம், சடங்கு எல்லாவற்றையும் பல நூற்றாண்டு ஒழுங்காக நடத்திய சமூகம் என்பதில் ஐயம் இல்லை.

இனி அந்தத் தீவு. இன்றைய லாத்வியாவில் இருந்த கூர்லாந்து என்னும் சிற்றரசு 1651-இல் அங்கே கோட்டை கட்டியது. 1661-இல் ஆங்கிலேயர் பிடித்து, யார்க் கோமகன் ஜேம்ஸின் பெயரைச் சூட்டினர். பிறகு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மாறி மாறிப் பிடித்தும் இடித்தும் கட்டியும் வந்த கோட்டையை 1779-இல் பிரெஞ்சுக்காரர் தகர்த்தனர். நிலத்தின் பெரும்பகுதியை ஆறு அரித்துவிட்டது. மிஞ்சியவை சில சுவர்களும் பெருக்கமரங்களும். அடிமை வணிகம் நடந்த கானாவின் எல்மினாக் கோட்டைபோல வெள்ளையடித்து நிமிர்ந்து நின்றிருந்தால் நீங்கள் இக்கேள்வியைக் கேட்டிருக்க மாட்டீர்கள். மனிதரைச் சரக்காக அடைத்து வைத்த இடம் அழகாகப் படத்தில் விழவில்லையே என்ற குறையை என்னால் குறையாகக் கருத முடியவில்லை. அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸ் ஹேலி 1976-ஆம் ஆண்டு நாவலில் தம் மூதாதை என்று காட்டியதால் உலகெங்கும் தெரிந்த, அடிமையாகக் கொண்டுபோகப்பட்ட குண்டா கிண்டேயின் பெயரை 2011-இல் தீவுக்குச் சூட்டினார்கள். அந்த வம்சாவளிக் கதையை வரலாற்றாசிரியர்கள் கேள்விக்குள்ளாக்கியிருக்கிறார்கள் என்றாலும், தீவில் நடந்த வணிகம் கதை அன்று.

யுனெஸ்கோ 2003-இல் பட்டியலிட்டதும் தீவை மட்டும் அன்று. எதிர்க்கரையில் ஜுஃபுரே, அல்பிரெடா ஊர்களின் பழைய வணிகக் கட்டடங்களோடு, ஆற்றின் முகத்துவாரத்தில் தலைநகர் பஞ்சுலிலுள்ள, ஆறு பீரங்கிகள் கொண்ட மேடையும் பாராவிலுள்ள புல்லன் கோட்டையும் அதில் அடங்கும். 1807-இல் அடிமை வணிகத்தைத் தடைசெய்த பிரிட்டன், அதே வணிகத்தில் ஈடுபட்ட கப்பல்களை மறிப்பதற்காக எழுப்பியவை இவை இரண்டும். ஒரு நூற்றாண்டுக்கு மேல் அந்த வணிகத்தில் கொழித்த நாடு வாசலில் காவலுக்கு நின்றதை, தீவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் கடல்பக்கம் போனால் கண்ணாலேயே பார்க்கலாம்.

ஆற்றின் மேல்முகமாகப் போனால் பபூன் தீவுகள் வரும். காட்டில் விடப்பட்ட சிம்பன்சிகள் அங்கே வாழ்கின்றன. படகிலிருந்து பார்க்கலாம், இறங்க அனுமதி இல்லை. அதற்கும் மேலே ஜாஞ்சான்புரே என்னும் தீவும் ஊரும். அங்கே ஆற்றோரம் உள்ள பாழடைந்த கட்டடம் ஒன்றை அடிமைகளை அடைத்த வீடு என்று காட்டுகிறார்கள். அத்தீவு பிரிட்டன் கைக்கு வந்து, ஊர் நிறுவப்பட்டது 1823-இல். தடைச்சட்டம் வந்தோ பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. காட்டுபவரிடம் அந்தக் கட்டடத்தின் ஆண்டைக் கேட்டுவிட்டு உள்ளே போங்கள்.