புழுதி மழை

அன்புள்ள ஐயா,

கடந்த ஆண்டு பழைய கமரா ஒன்று வாங்கினேன். முதல் மழை, முதற்பூ, முதலில் வந்திறங்கும் பறவை என்று இயற்கையின் முதற் கணங்களைப் படமெடுக்க விரும்புகிறேன். ஆனால் வெளிநாட்டில் இருக்கும் அண்ணா அனுப்பும் படங்களில் இலை சிவக்கிறது, பனி கொட்டுகிறது. எங்கள் ஊரிலோ வெயிலையும் மழையையும் தவிரப் பருவம் என்று ஒன்றும் இல்லை. இங்கிருந்துகொண்டு எதை எடுப்பது? எந்த லென்ஸ் நல்லது? பின்னர் கணினியில் நிறத்தைக் கூட்டுவது பிழையா? ஐந்து படங்களை இணைத்துள்ளேன்.

அளவெட்டியிலிருந்து ஒரு வாசகர்

அன்புள்ள தம்பி,

லென்ஸைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. கையில் இருப்பது போதும். நிறத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் விருப்பம், செம்பாட்டு மண்ணைத் தக்காளிச் சோஸாக மாற்றாத வரையில். உங்கள் கடிதத்தை இரண்டு நாள் மேசையில் வைத்துத் திரும்பத் திரும்பப் பார்த்ததற்குக் காரணம் அதன் நடுவில் இருக்கும் வசனம்: 'பருவம் என்று ஒன்றும் இல்லை.' போன மாதம் ஒரு கலியாண வீட்டிலும் இதையே ஒருவர் சொல்லக் கேட்டு, சபை கருதி வாயை மூடிக்கொண்டு வந்தேன். அந்தக் கோபம் இப்போது உங்கள் தலையில் விழுகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அளவெட்டியில் பிறந்தவர் இப்படி எழுதலாமா? வைகாசியில் எழும்பும் சோளகக் காற்றில் பனையோலை இடும் சத்தமும் வாடைக்காற்றில் அதே ஓலை இடும் சத்தமும் வேறு வேறு என்பதை உங்கள் வீட்டுப் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொண்டே சொல்வார்கள். வாடை திரும்பிய பிறகுதான் காற்றில் ஒலிக்கும் விண் கட்டிய பட்டங்கள் கூவிக்கொண்டு ஏறுகின்றன. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமான அதே காற்றுத்தான் பருத்தித்துறைக் கடலைக் குழப்பி, வள்ளங்களைக் கரையில் இருத்துகிறது. ஆவணியில் பனம்பழம் விழுகிறது, கார்த்திகையில் வேலியோரம் கார்த்திகைப்பூ கொடியேறிச் சிவக்கிறது, தையில் பனங்கிழங்கு கிண்டுகிறோம், பங்குனியில் வேம்பு பூக்கிறது. இவ்வளவையும் தாண்டி வந்து, இலை சிவக்கவில்லையே என்று நீங்கள் வருந்துகிறீர்கள். நான்கு பருவம் என்பது உங்கள் அண்ணா இருக்கும் நிலத்தின் கணக்கு. நமது பழைய இலக்கணகாரர் ஆண்டை ஆறு பொழுதாக வகுத்தார்கள். அதில் கார்காலம் ஆவணியும் புரட்டாதியும் ஆகும். யாழ்ப்பாணத்திலோ பெருமழை ஐப்பசியில் தொடங்கி மார்கழி வரையில் பெய்கிறது என்பதால், அந்தக் கணக்கும் இங்கே முழுதாகப் பொருந்துவதில்லை. இந்த ஊருக்கு இந்த ஊரின் கணக்கு வேண்டும், அதை யாராவது வைத்திருக்க வேண்டும்.

எங்கள் வீட்டில் அதை வைத்திருந்தவர் அம்மம்மா. 1993ஆம் ஆண்டு புரட்டாதி மாதம் அது, போர்க்காலம். ஊரில் மின்சாரம் இல்லை, பற்றரி தடைசெய்யப்பட்ட பொருள், பிலிம் சுருளைக் கண்ணால் காண்பதே அரிது. வெளிநாடு போன மாமா விட்டுச்சென்ற, பற்றரி தேவைப்படாத கமராவில் இன்னும் 11 படங்களுக்கு இடமிருந்தது. முதல் மழையை எடுப்பது என்று முடிவு செய்தேன். வயலில் புழுதி விதைப்பு முடிந்திருந்தது. முற்றத்துப் பந்தலில் கடைசிப் பினாட்டுப் பாய்கள், பனம்பழக் களியைப் பரவிய பாய்கள், காய்ந்துகொண்டிருந்தன. ஒரு பின்னேரம் வானம் கறுத்து, இடி இடித்து, பெரிய துளிகள் விழத் தொடங்கின. அம்மம்மா 'பாயைத் தூக்கடா' என்று கத்திக்கொண்டு பந்தலுக்கு ஓடினார். நான் கமராவுக்கு ஓடினேன். பத்து நிமிடத்தில் மழை ஓய்ந்தபோது ஏழு படங்கள் போயிருந்தன, இரண்டு பாய்ப் பினாட்டும் போயிருந்தது. முதல் மழையை எடுத்துவிட்டேன் என்று பெருமையாகச் சொன்னேன். நனைந்த பினாட்டை விரலால் அழுத்திப் பார்த்தபடி அவர் சொன்னார்: 'இது புழுதி மழையடா. இதை மழையெண்டு நம்பினா விதைநெல் செத்துப்போகும்.'

இதன் பொருளை வயலோடு பழகாதவர்களுக்காகச் சற்று விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. காய்ந்த நிலத்தை உழுது, மழையை நம்பிப் புழுதியிலேயே நெல்லை விதைத்துவிட்டுக் காத்திருப்பது நமது வழக்கம். ஆற்றுப் பாய்ச்சல் இல்லாத மண்ணில் வேறு வழியும் குறைவு. மண்ணுக்குள் கிடக்கும் நெல், சிறிய மழையில் ஊறி முளைவிட்ட பின், தொடர்ந்து இரண்டு கிழமை வெயில் எறித்தால் முளை கருகிவிடும், மறுபடியும் விதைக்க வேண்டும். பருவமல்லாத மழையைக் கார் என்று நம்பிப் பூத்துவிட்ட கொன்றையை அறிவில்லாதது என்று தோழி பழிக்கும் சங்கப் பாட்டு ஒன்று உண்டு. அன்று என் முற்றத்தில் நின்ற கொன்றை நான்தான். எது முதல் மழை என்பதை, அதில் இழப்பதற்கும் பெறுவதற்கும் ஏதாவது வைத்திருப்பவர் அறிவார். கமராவுக்கு எல்லாத் துளியும் ஒன்றே. (அந்தத் துளியும் படத்தில் விழாது என்பது பிறகு தெரிந்தது. பின்னால் இருட்டும், துளிக்குப் பின்னிருந்து வரும் வெளிச்சமும் இல்லாவிட்டால் மழை வெறும் சாம்பல் நிறம்தான்.)

உண்மையான மழை ஐப்பசியில், ஒரு நடுச்சாமத்தில் வந்தது. விளக்கில்லாத ஊரில் அதை எந்தக் கமராவாலும் எடுத்திருக்க முடியாது. மூன்றாம் நாள் காலையில் வெள்ளம் நின்ற வயலை மிச்ச நான்கு படங்களில் எடுத்தேன். கழுவக் கொடுத்த இடத்தில் சுருளில் வெளிச்சம் பட்டு 36 படங்களும் பாழாயின. அந்த மனிதரை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

'கணம்' என்ற சொல்தான் படம் எடுப்பவர்களைக் கெடுக்கிறது என்று நினைக்கிறேன். கமராவால் எடுத்து இன்று எஞ்சியிருப்பவற்றுள் மிகப் பழைய ஒளிப்படம், 1827ஆம் ஆண்டளவில் பிரான்ஸில் ஒளிப்பட முன்னோடி நியெப்ஸ் தமது மேல்மாடி யன்னலிலிருந்து எடுத்தது, வீட்டு முற்றமும் கூரையும் தெரியும் ஒரு சாதாரண வெளிப்புறக் காட்சிதான். தகட்டைப் பல மணி நேரம் திறந்து வைத்திருந்ததால் சூரியன் நகர்ந்து, எதிரெதிர்ச் சுவர்கள் இரண்டிலும் வெயில் விழுந்திருக்கிறது. கணத்துக்கு அதில் இடமில்லை, ஒரு பகல் கிடக்கிறது.

இனி உங்கள் படங்கள். பண்ணைப் பாலத்துச் சூரிய அஸ்தமனங்கள் இரண்டும் அழகாக இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுவோம். மண்டைதீவுப் பக்கம் பூநாரைக் கூட்டம் முழுதாக எழும்பிப் பறக்கும் படத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு எரிந்தது. மேய்ந்துகொண்டிருந்த பறவைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தாமாக எழும்பினவா, எழுப்பப்பட்டனவா? எழுப்பியிருந்தால், நெடுந்தூரம் பறந்து வந்து சேற்றில் இரை பொறுக்கும் உயிரைச் சாப்பாட்டுக் கோப்பையிலிருந்து எழுப்பிவிட்டீர்கள். இனிச் செய்யாதீர்கள். மல்லிகை மொட்டுப் படம் எந்த ஊரிலும் எடுக்கக்கூடியது.

ஐந்தாவதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு சொல்லும் நீங்கள் எழுதவில்லை. தவறி இணைத்தீர்களோ தெரியாது. தண்ணீர் இல்லாத வழுக்கையாறு, மதகின் சுவரில் சாய்த்துவிட்ட சைக்கிள், அடியில் வெடித்துக் கிடக்கும் மண். மாரியில் மட்டும் ஓடும் அந்த ஆற்றை இவ்வளவு பொறுமையாகப் பார்த்த கண்ணுக்கு அண்ணாவின் பனி எதற்கு? அதே மதகுக்குக் கிழமைக்கு ஒரு தடவை போங்கள், அதே இடத்தில் நின்று எடுங்கள். புரட்டாதியில் நான்கு துளி விழுந்து, செம்மண்ணில் தம்பளப்பூச்சி ஊரத் தொடங்கினால் அதையும் எடுங்கள். ஆனால் கீழே 'முதல் மழை' என்று எழுதுவதற்கு முன்னர், பக்கத்து வயற்காரரிடம் இது மழைதானா என்று கேளுங்கள். மதகின் கீழ் தண்ணீர் வரும் நாளில் வீட்டில் அம்மா விறகை உள்ளே எடுக்கக் கூப்பிட்டால், முதலில் விறகை எடுத்துவிட்டுப் போங்கள். அது உண்மையான மழையானால், தண்ணீர் விடிந்த பிறகும் அங்கே ஓடிக்கொண்டிருக்கும்.