'கார்கோ 200': உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

அலெக்சேய் பலபானவ் 2007இல் எடுத்த ரஷ்யப் படம். பதில்களில் கதை முழுக்க வந்துவிடும், பார்க்காதவர்கள் கவனம்.

கே: கதை ஏன் 1984இல் நடக்கிறது?

ப: நோயாளியான செர்னென்கோ சோவியத் யூனியனின் தலைமையில் இருந்த வருடம் அது. கோர்பச்சேவ் வந்தது 1985 மார்ச்சில்தான். ஆப்கானிஸ்தான் போரில் செத்த பையன்கள் துத்தநாகப் பெட்டியில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சடலங்களுக்கு ராணுவம் வைத்த குறியீடுதான் தலைப்பு.

கே: உண்மைச் சம்பவம் என்று போடுகிறார்களே?

ப: அப்படியே நம்ப வேண்டாம். கதை நடக்கும் லெனின்ஸ்க் கற்பனை ஊர். நிறைய காட்சிகளை எடுத்தது செரபவெத்ஸ் என்ற எஃகு ஆலை நகரத்தில். அமெரிக்க எழுத்தாளர் ஃபாக்னரின் 'சாங்க்சுவரி' நாவலின் சாயலும் நன்றாகவே தெரிகிறது.

கே: போலீஸ்காரன் ழூரவ்தானே வில்லன்?

ப: சந்தேகமென்ன? கம்யூனிஸ்ட் கட்சிச் செயலாளரின் மகளையே கடத்தி வந்து வீட்டில் பூட்டி வைக்கிறான், கேட்க நாதியில்லை. ஆனால் எனக்கு அவனைவிட ஆர்த்யோம்தான் அதிகம் உறுத்தினார். லெனின்கிராடில் விஞ்ஞான நாத்திகம் சொல்லித்தரும் பேராசிரியர். வழியில் கார் பழுதாகி, கள்ளச்சாராயம் காய்ச்சும் அலெக்சேய் வீட்டில் ஒதுங்குகிறார். கடவுள் உண்டா இல்லையா என்று இருவரும் குடித்தபடி வாதாடுகிறார்கள். அன்றிரவு அங்கே வேலை செய்த வியட்நாம்காரனை ழூரவ் கொல்கிறான். பழி அலெக்சேய் தலையில் விழுகிறது. சாட்சி சொல்ல வாருங்கள் என்று அலெக்சேயின் மனைவி கெஞ்சியும் பேராசிரியர் நழுவிவிடுகிறார். பதவி போய்விடுமே! அலெக்சேய்க்கு மரண தண்டனை நிறைவேறுகிறது. அப்புறம் நம் நாத்திகப் பேராசிரியர், ஞானஸ்நானம் பெற என்ன செய்யவேண்டும் என்று தேவாலயத்தில் போய் விசாரிக்கிறார். இதை மனமாற்றம் என்று சொல்வோர் உண்டு. நான் ஏற்கமாட்டேன். இதுவரை கட்சி சொன்னதை ஒப்பித்தார், இனி பாதிரியார் சொல்வதை ஒப்பிப்பார், அவ்வளவுதான். அந்த நாடு சரிய ழூரவ் மட்டும் போதாது, இவரைப் போல ஆயிரக்கணக்கானோர் வேண்டியிருந்தது.

கே: இவ்வளவு கொடூரத்துக்கு நடுவே ஜாலியான பாட்டுகள் எதற்கு?

ப: எல்லாம் அந்தக் காலத்து பாப் பாட்டுகள், யூரி லோசாவின் 'தெப்பம்' உட்பட. ஊரே ரசித்துக் கேட்ட பாட்டுகள் அவை. அவை இல்லாமலிருந்தால் இதை வேறு உலகத்துக் கதை என்று ஒதுக்கிவிட்டு நிம்மதியாகத் தூங்கியிருக்கலாம்.

கே: அலெக்சேயாக நடித்தவரை எங்கோ பார்த்திருக்கிறேனே?

ப: 'லெவியதன்' (2014) நாயகன் செரெப்ரியகோவ்தான்.

கே: வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து பார்க்கலாமா?

ப: வேண்டவே வேண்டாம். தனியாகப் பார்ப்பதென்றாலும் சாப்பாட்டை முதலில் முடித்துவிடுங்கள்.