இரண்டே நாளில் லைஃப் கோச்!

ஆச்சியிடம் கேளுங்கள்

கேள்வி: எனக்கு வயது 39. சென்னையில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் ஹெச்.ஆர். வேலை பார்த்தேன். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊருக்கு வந்தாயிற்று. ஆபீஸில் யாருக்கு மனக்குழப்பம் என்றாலும் என்னிடம்தான் வருவார்கள். அதனால், குழம்பி நிற்கிறவர்களோடு காசு வாங்கிக்கொண்டு பேசி அவர்களைத் தெளிவாக்கும் லைஃப் கோச் ஆக ஆசை. மதுரையில் ஒரு ஹோட்டலில் இரண்டு நாள் பயிற்சி, 45,000 ரூபாய், முடித்ததும் சர்ட்டிஃபிகேட் என்கிறார்கள். 'பேசுறதுக்கு எவன் காசு கொடுப்பான்?' என்று வீட்டுக்காரர் சிரிக்கிறார். சேரட்டுமா ஆச்சி?
- வாசகி, கோட்டையூர்

பதில்: அந்த 45,000 ரூபாய் இப்போதைக்கு டெபாசிட்டிலேயே இருக்கட்டும். வங்கியில் கடன் விண்ணப்பம் பார்த்தே பென்ஷன் வாங்கியவள் நான், இதெல்லாம் சட்டென்று கண்ணில் படும்.

இந்தத் தொழிலுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் கிடையாது. நாளைக் காலையில் நானே வாசலில் போர்டு மாட்டினாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. அதனால்தான் இரண்டு நாள் சர்ட்டிஃபிகேட்டுகள் இப்படிப் புழங்குகின்றன. உலக அளவில் மதிப்பு உள்ளது ஐ.சி.எஃப். தரும் தகுதிக்கு. 1995இல் அமெரிக்காவில் தொடங்கிய கோச்சிங் கூட்டமைப்பு அது. அதில் முதல் படியான ஏ.சி.சி.க்கே குறைந்தது 60 மணி நேரப் பயிற்சி வேண்டும். ஹோட்டலில் இரண்டு நாளும் கண் மூடாமல் உட்கார்ந்தாலும் 48 மணி நேரம்தானே! அது போக, 100 மணி நேரம் நிஜமான ஆட்களுக்குக் கோச்சிங் செய்திருக்க வேண்டும். அனுபவப்பட்ட கோச் ஒருவர் 10 மணி நேரம் உங்களைத் திருத்தியிருக்க வேண்டும். அப்புறம் தேர்வு. அடுத்த படி பி.சி.சி.க்கு 500 மணி நேர அனுபவம், அதற்கும் மேலே எம்.சி.சி.க்கு 2,500.

உங்கள் வீட்டுக்காரருக்கும் ஒரு செய்தி. அந்த நூறில் 75 மணி நேரம் காசு வாங்கிக்கொண்டு பேசியதாக இருக்க வேண்டும் என்பதே விதி.

நம் செட்டிநாட்டு ஆட்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் தொழில் செய்யக் கொண்டுவிற்கப் போன காலத்தில், கப்பலை விட்டு இறங்கிய அன்றே யாரையும் கடையின் பொறுப்பாளரான மேலாள் ஆக்கவில்லை. பெட்டியடிப் பையனாக எடுபிடி வேலை பார்த்து, அடுத்தாளாகி, கணக்கு கைக்கு வந்த பிறகுதான் கடையை நம்பிக் கொடுத்தார்கள். இதிலும் அப்படித்தான்.

ஆபீஸில் உங்களிடம் வந்தவர்களுக்கு நீங்கள் வழி சொல்லியிருப்பீர்கள். கோச் வழி சொல்லக் கூடாது, கேள்வி கேட்க வேண்டும். பிரிட்டனின் ஜான் விட்மோர் (இவர் முன்னாள் கார் பந்தய வீரர்!) பரப்பிய 'க்ரோ' முறையைப் பாருங்கள். என்ன வேண்டும், இப்போது எங்கே நிற்கிறீர்கள், என்னென்ன வழி இருக்கிறது, எதைச் செய்யப் போகிறீர்கள்? நான்கும் கேள்விதான். நம் ஊர்க்காரர்களுக்கு இதுதான் கஷ்டம். முன்னோருக்குப் படைக்கும் படைப்பு வீட்டில் ஒருத்தி 'மகனுக்கு வேலை சரியில்லை' என்று வாய் திறந்தால், பந்தி முடிவதற்குள் ஏழெட்டுப் பேர் யோசனை சொல்லியிருப்போம். அந்த வாயைக் கட்டுவதற்கே 60 மணி நேரம் வேண்டும்.

சரி, செய்ய வேண்டியது என்ன? பயிற்சி நிறுவனத்தின் பெயர் ஐ.சி.எஃப். இணையதளத்தில் இருக்கிறதா என்று முதலில் தேடுங்கள். வீட்டிலிருந்தே ஆன்லைனில் படிக்கும் வகுப்புகளும் உண்டு. எல்லாருக்கும் கோச் என்று கிளம்பாதீர்கள். பிள்ளை, பெரியவர்கள் என்று சில வருடம் வீட்டில் இருந்துவிட்டு மறுபடி வேலை தேடும் பெண்களைப் பிடியுங்கள். இன்டர்வியூ மேசையின் அந்தப் பக்கம் என்ன நினைப்பார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். சொந்தக்காரர்களைச் சேர்க்காதீர்கள், கோட்டையூரில் அது பாதி ஊர் ஆயிற்றே என்பீர்கள், இருந்தாலும் வேண்டாம். வீட்டு நடுவில் வளவில் உட்கார்ந்து பேசினால் வாசல் பக்கத்து முகப்பு வரை கேட்கும். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு வீடியோவில் பேசுங்கள். முதல் வருடம் இந்த வருமானத்தை நம்பி வீட்டுச் செலவு ஓடாது, பழைய ஹெச்.ஆர். வேலையில் கொஞ்சம் பகுதி நேரமாகக் கையில் இருக்கட்டும். ஜி.எஸ்.டி. பயம் வேண்டாம், வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோச், கவுன்சலர், சைக்காலஜிஸ்ட் எல்லாம் ஒன்றுதானே?
- கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: இல்லை. கிளினிக்கல் சைக்காலஜிஸ்டாகத் தொழில் செய்ய இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு வேண்டும். கோச்சுக்கு அப்படிக் கடிவாளம் இல்லாததால் தன் எல்லையை அவரேதான் காக்க வேண்டும். வேலை மாறலாமா என்று குழம்புகிறவர் கோச்சிடம் போகலாம். வாரக்கணக்கில் தூக்கமில்லை, வாழவே பிடிக்கவில்லை என்கிறவரிடம் 'உங்கள் இலக்கு என்ன?' என்று கேட்பது பாவம். அவருக்கு 14416 என்ற எண்ணைக் கொடுங்கள். மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி அது. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

கேள்வி: பெங்களூரில் இருக்கும் மகன் மாதம் இரண்டு முறை கோச் ஒருவரிடம் காசு கொடுத்துப் பேசுகிறான். பெற்ற அப்பச்சி நான் இருக்கிறேனே, என்னிடம் இலவசமாகக் கேட்கக் கூடாதா?
- ஓய்வுபெற்ற ஆசிரியர், தேவகோட்டை

பதில்: கேட்கலாம் அண்ணே. ஆனால் 'வேலையை விடலாமான்னு பார்க்கிறேன்' என்று அவன் ஆரம்பித்த உடனே வீட்டுக் கடன் பாக்கி எவ்வளவு என்பீர்கள். கோச்சுக்கு அந்தக் கவலை இல்லை, அவர் முழுசாகக் கேட்பார். அடுத்த முறை மகன் போன் செய்யும்போது அரை மணி நேரம் கேள்வி மட்டும் கேட்டுப் பாருங்கள். 'பக்கத்து வீட்டுப் பையன் எவ்வளவு வாங்குறான் தெரியுமா?' என்பது அந்தக் கணக்கில் வராது.